மரம் திரும்பிய தீவு

குயின்ஸ்லாந்தின் பண்டபெர்க் நகரம் கரும்புக்குப் பேர்போனது. விமானம் மேலெழுந்ததும் கீழே செம்மண்ணும் கரும்புப் பச்சையும் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. பர்னெட் ஆறு கடலில் சேரும் இடத்தின் கலங்கல் நீரைத் தாண்டிவிட்டால் அப்புறம் நீலம் மட்டும்தான். வடகிழக்கே 80 கிலோமீட்டர். லேடி எலியட் தீவுக்கு விருந்தினர்கள் போவது சின்ன விமானங்களில்தான் என்பதால், ஏறுமுன் பெட்டியோடு ஆளையும் நிறுத்தி எடை பார்க்கிறார்கள். பிரிஸ்பேனில் செவிலியராக இருக்கும் என் அக்கா மகள் ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. "மாமா, அதோ பாருங்க" என்று தோளைத் தட்டினாள்.

கடல் நடுவே வெளிர்நீல வளையம். வளையத்துக்குள் ஒரு பச்சைத் திட்டு. அந்தப் பச்சையை இரண்டாகப் பிளந்தபடி புல்தரை ஓடுபாதை. மொத்தத் தீவும் சுமார் 45 ஹெக்டேர், நம் கணக்கில் 110 ஏக்கர் சொச்சம். கிரேட் பேரியர் ரீஃப் என்னும் 2,300 கிலோமீட்டர் நீளப் பவளத்தொடரின் தென்கோடியில் இருக்கும் பவளத்தீவு இது.

மேலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பச்சை ஆதியிலிருந்தே அங்கு இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அதன் பெரும்பகுதி 1969க்குப் பிறகு மனிதர்கள் நட்டது. இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டு இறங்கினால்தான் தீவில் பார்க்கும் மற்ற எல்லாமே விளங்கும்.

செத்த பவளத்தின் உடைசல்களை அலைகள் ஓரிடத்தில் ஒதுக்கிக் குவிப்பதால் உண்டாவது பவளத்தீவு. முதலில் அது வெறும் சரளை மேடு. கடற்பறவைகள் வந்து தங்கி எச்சமிடுகின்றன. எச்சத்தில் உள்ள பாஸ்பேட்டும் பவளச் சுண்ணாம்பும் கலந்து மெல்ல மண் கூடுகிறது. அலையிலும் பறவையின் இறகிலும் வந்த விதைகள் அதில் முளைக்கின்றன. மரம் வந்ததும் பறவைகள் இன்னும் பெருகுகின்றன. பல நூற்றாண்டுகள் இப்படி நடந்துதான் லேடி எலியட்டில் காடு உண்டானது. 1816இல் இவ்வழி வந்த ஒரு கப்பலின் பெயர் தீவுக்கு நிலைத்தபோது அந்தக் காடு அப்படியே இருந்தது.

1863இல் உரத்துக்காக அந்த எச்சமண்ணை வெட்டத் தொடங்கினார்கள். குவானோ என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் உலகெங்கும் விவசாயத்துக்கு அது பொன்னுக்குச் சமம். சீனாவிலிருந்தும் மலாய் நாட்டிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள் நிழலற்ற சரளையில் நின்று மண்வாரினார்கள். முதலில் மரங்கள் விழுந்தன. பிறகு ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல்மண் கப்பலேறியது. 1873இல் வேலை முடிந்தபோது ஒரு சில மரங்களே மிச்சம். போதாக்குறைக்கு, கப்பல் உடைந்து கரையொதுங்குபவர்களுக்கு உணவாகட்டும் என்று ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். முளைத்த கொஞ்சநஞ்சத்தையும் அவை மேய்ந்தன. மரச்சட்டத்தின் மேல் இரும்புத் தகடு போர்த்த வெள்ளைக் கலங்கரை விளக்கம் ஒன்று அதே 1873இல் எழுப்பப்பட்டது. இன்றும் மேற்குக் கரையில் நிற்கிறது. அதன் அருகே, விளக்கைக் காத்த குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் இருவரின் கல்லறைகள். மரமில்லாத அந்த வெள்ளைச் சரளையில், நாற்புறமும் கடல் கண்ணைக் கூச வைக்க, அவர்கள் எப்படிக் காலம் கழித்தார்களோ என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இதைப் படிக்கும் ராமநாதபுரம், தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் என்று நாம் இன்றும் எண்ணுகிறோம். அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் நீருக்கடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தைப் பல்லாண்டு வெட்டியெடுத்ததால் அலையைத் தடுக்க அரண் இல்லாமல் போனது. அங்கே மண்ணை எடுத்தார்கள், இங்கே பாறையையே எடுத்தோம். 1986இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. சுருங்கிக்கொண்டே போன வான் தீவைக் காப்பாற்ற, 2015 முதல் அதன் முன்னே கடலடியில் சிமெண்டுத் தடுப்புகளை இறக்கி, அவற்றின்மேல் பவளம் வளர வழி செய்து வருகிறார்கள். சிதைத்த தீவை மீட்கும் முயற்சி நம் கரையிலும் நடக்கிறது. லேடி எலியட் அதில் அரை நூற்றாண்டு முன்னே போயிருக்கிறது. அதனால்தான் இதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது.

1969இல் டான் ஆடம்ஸ் என்ற விமானி இந்தத் தீவைக் குத்தகைக்கு எடுத்தார். ஓடுபாதை போட்டார், சின்னதாக ஒரு விடுதி அமைத்தார், கூடவே மரம் நடத் தொடங்கினார். மண்ணே இல்லாத சரளையில் மரம் நடுவது லேசான காரியமில்லை. உப்புக்காற்றுக்கும் வறட்சிக்கும் தாங்கும் சவுக்கு முதலில் பிடித்துக்கொண்டது. அதன் சருகு விழுந்து மக்கி, அந்த மக்கில் அடுத்த செடி. 2005இல் குத்தகையை ஏற்ற பீட்டர் காஷும் விமானிதான். களைச்செடிகளை அகற்றுவதும், தீவிலேயே நாற்றங்கால் வைத்து இந்த மண்ணுக்குரிய மரங்களை வளர்ப்பதும் அவர் காலத்தில் வேகம் பிடித்தது. 2018இல் கிரேட் பேரியர் ரீஃப் அறக்கட்டளை தன் தீவு மீட்புத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்தது இந்தத் தீவைத்தான். அதன்பின் ஆயிரக்கணக்கில் கன்றுகள் ஊன்றப்பட்டிருக்கின்றன.

நாங்கள் போனது பிப்ரவரிக் கடைசியில். அங்கே அது கோடையின் முடிவு, பறவைகளின் காலம். விமானத்திலிருந்து இறங்கிக் காலை வைத்த உடனே முதலில் வந்து மோதியது எச்ச நாற்றம். அடுத்தது கூச்சல். கோடையில் லட்சம் பறவைகள் வரை தீவில் கூடுகின்றன. அதில் பாதிக்கு மேல் நாடி என்ற கருப்பு ஆலாக்கள்தான் என்று தோன்றியது. உடம்பு கரி, உச்சந்தலை மட்டும் வெள்ளை. மனிதர் கைக்கெட்டும் உயரத்தில் கூடு வைத்துக்கொண்டு, நாம் பக்கத்தில் போனாலும் அசையாமல் பார்க்கின்றன. சாப்பாட்டுக் கூடத்து மேசைகளுக்கு அடியில் வரிக் கழுத்துக் கானாங்கோழிகள் குஞ்சுகளோடு நடமாடுகின்றன. புதருக்கடியில் செவ்வால் நீண்ட வெப்பமண்டலப் பறவை ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமே போகாதபடி கயிறு கட்டியிருந்தார்கள். ராத்திரி முழுக்கக் கூச்சல் ஓயாது. தூக்கம் கெடும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது, போன உயிர் திரும்பி வந்து போடும் சத்தமாகவே கேட்டது.

எங்களுக்குத் தீவைச் சுற்றிக்காட்டிய இளம்பெண் உயிரியல் படித்தவர். ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்தி, "இதுதான் இந்தத் தீவுகளின் ராஜா, பிசோனியா" என்றார். வழவழப்பான வெளிறிய அடிமரம், கையகலத்துக்கு மெத்தென்ற இலை. எங்கோ பார்த்த இலை. கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தபின் பிடிபட்டது. நம் ஊரில் கொல்லைப்புறத்தில் கிளையை ஒடித்து நட்டு வளர்ப்போமே, மூட்டுவலிக்கு நல்லதென்று பாட்டிமார் ஆய்ந்து சமைப்பார்களே, அந்த லச்சைக்கொட்டைக் கீரை! நம்முடையது எலுமிச்சைப் பச்சை, இது கரும்பச்சை. ஆனாலும் தாவரவியலாளர் பலர் இரண்டையும் ஒரே இனமாகவே வைக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சமைத்து உண்போம் என்றதும் அவர் கண்கள் விரிந்தன.

நம் வீட்டு மரம் அபூர்வமாகத்தான் காய்க்கும். இங்கே காய்க்கிறது, அதில்தான் இதன் வாழ்வு இருக்கிறது. விதையில் பசை ஊறும். கூடு கட்ட வரும் நாடிகளின் இறகில் அது ஒட்டிக்கொள்ள, அவை பறந்து போய் வேறு தீவில் உதிர்க்கின்றன. சில சமயம் கொத்தாக ஒட்டிக்கொண்டுவிட்டால் பறவை பறக்க முடியாமல் அடியிலேயே விழுந்து மடிகிறது. அப்படி ஒன்றை நாங்கள் பார்த்தோம். "எடுத்துக் கழுவி விடலாமே மாமா" என்று அக்கா மகள் தவித்தாள். இது மரத்துக்கும் பறவைக்கும் உள்ள பழைய ஏற்பாடு, நாங்கள் குறுக்கிடுவதில்லை என்று வழிகாட்டி மெதுவாகச் சொன்னார். நாடி தன் கூட்டைக் கட்டுவது இதே மரத்தின் உதிர்ந்த இலையை எச்சத்தால் ஒட்டித்தான். எச்சமும் செத்த பறவையும் மரத்துக்கு உரம்.

அந்த உரம் மரத்தோடு நிற்பதில்லை. மழை அதைக் கரைத்துப் பவளத்திட்டுக்குக் கொண்டுபோகிறது. இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுகளில் செய்த ஆய்வு ஒன்று 2018இல் நேச்சர் இதழில் வந்தது. எலி புகாத, பறவை நிறைந்த தீவுகளையும், எலி புகுந்து பறவையை ஒழித்த தீவுகளையும் ஒப்பிட்டார்கள். பறவை உள்ள தீவுகளைச் சுற்றிய பவளத்திட்டுகளில் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் அதிகம். கிளிமீன்கள் பாறையை மேய்ந்து சுத்தம் செய்யும் வேகமும் அங்கேதான் கூடுதல். கடலைக் காக்க வந்தவர்கள் எதற்காகக் கரையில் மரம் நட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

மறுநாள் வற்றத்தில் பவளத்திட்டின் மேல் நடந்தோம். கைக்கு ஒரு கோல், காலுக்குக் கெட்டிச் செருப்பு. வெள்ளை மணல் தெரியும் இடத்தில் மட்டுமே கால் வைக்க வேண்டும், பவளத்தின் மேல் படக்கூடாது. கணுக்கால் நீரில் கருப்புக் கடல் அட்டைகள், ஊதா உதடு விரித்த பெருஞ்சிப்பிகள், நீல நட்சத்திர மீன்கள். பிற்பகல் ஏற்றத்தில் கலங்கரை விளக்கப் பக்கம் முகமூடியும் ஸ்நார்க்கல் குழாயும் மாட்டி இறங்கினோம். நீர் அவ்வளவு தெளிவு, என் நிழல் கடலடி மணலில் விழுந்து கூடவே வந்தது. ஒரு பேராமை பாறையிடுக்கில் தலையை நுழைத்துப் பாசி தின்றுகொண்டிருந்தது. நான் கையை நீட்டப் போகிறேன் என்று நினைத்து அக்கா மகள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மேலே வந்ததும், "தொடக்கூடாது மாமா, பார்க்கலாம், அவ்வளவுதான்" என்றாள். அந்தத் தீவின் சட்டம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். 2004இல் கிரேட் பேரியர் ரீஃபில் மீன்பிடிக்கக்கூடாத பரப்பை ஐந்து சதவீதத்துக்கும் குறைவிலிருந்து 33 சதவீதமாக உயர்த்தினார்கள். இந்தத் தீவைச் சுற்றிய கடல் அந்தப் பசுமை மண்டலத்தில் வருகிறது. தூண்டில் போடக்கூடாது, சிப்பி பொறுக்கக்கூடாது.

திரும்பி நீந்தும்போது அது வந்தது. முதலில் நீருக்குள் ஒரு இருட்டு நகர்வதுபோல் இருந்தது. பிறகு இரு பக்கமும் சிறகு விரிய, மூன்று மீட்டருக்குக் குறையாத அகலத்தில், மாண்டா என்ற கொம்புத் திருக்கை. அடியில் வெள்ளை வயிறு, அதில் கரும்புள்ளிகள். அவசரமே இல்லாமல் எங்களைக் கடந்து போனது. முள் இல்லை, கடிக்காது, மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்று வாழ்வது. வயிற்றுப் புள்ளிகள் நம் கைரேகையைப் போல ஒன்றுக்கொன்று வேறானவை. அதை வைத்து குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் மாண்டா குழு 2007 முதல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருக்கைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பதிந்திருக்கிறது. நீந்த வருபவர்கள் எடுக்கும் படங்களும் இந்தப் பதிவேட்டில் சேர்கின்றன. உலகில் இளஞ்சிவப்பு நிறத்தில் அறியப்பட்ட ஒரே மாண்டா இந்தக் கடலில்தான் திரிகிறது. 2015இல் முதலில் கண்ணில்பட்டது. இன்ஸ்பெக்டர் க்ளூசோ என்று பெயரிட்டிருக்கிறார்கள். நாங்கள் கண்டது சாதாரணக் கருப்பு. எனக்கு அதுவே போதும்.

இரவில் கரையோரம் விளக்கு கிடையாது. அறைகளில் திரைச்சீலையை இழுத்துவிடச் சொல்கிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பேராமைகளும் பெருந்தலை ஆமைகளும் ஏறி முட்டையிடும் காலம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை குஞ்சு பொரிக்கும் காலம். வெளிச்சம் கண்டால் குஞ்சுகள் கடலுக்குப் பதில் கரைக்குள் ஏறிவிடும். இருட்டில் உட்கார்ந்திருந்தோம். மணல் மெல்லப் பொங்கி, உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி வெளியே வந்தன. அலை கால் தொட்டதும் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிதாகித் திரும்பும் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். 2018இல் வெளியான ஆய்வின்படி பேரியர் ரீஃபின் வடபகுதிக் கடற்கரைகளில் பிறந்த இளம் பேராமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண்கள். குளிர்ந்த தென்பகுதியில் அது 65 முதல் 69 சதவீதம். ஆண் பிறக்க இன்னும் இடமுள்ள கரைகள் என்ற வகையில் இந்தத் தெற்குத் தீவுகளின் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. மரநிழல் விழும் மணல் வெயில் மணலைவிடக் குளிர்ச்சி. நட்ட மரம் ஆமைக்கும் உதவுகிறது.

ஆனால் மரத்தால் முடியாதது ஒன்று இருக்கிறது. நீந்தும்போது உயிருள்ள பவளத்துக்கு இடையிடையே செத்து, பழுப்புப் பாசி படர்ந்த கொம்புகளையும் பார்த்தேன். பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தருகின்றன. கடல் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகச் சூடாகிச் சில வாரம் அப்படியே நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. சூடு தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 2016, 2017, 2020, 2022, 2024 என்று பேரியர் ரீஃபில் அடுத்தடுத்துப் பெரும் வெளுப்பு. முன்பெல்லாம் ஓரளவு தப்பிவந்த தெற்குப் பகுதியை 2024 கடுமையாகச் சுட்டது. மீன்பிடியைத் தடுக்கலாம், களையைப் பிடுங்கலாம், விளக்கை அணைக்கலாம். கடல்நீரின் சூட்டைக் கயிறு கட்டித் தடுக்க எந்தத் தீவாலும் ஆகாது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. உலகின் பெரிய நிலக்கரி ஏற்றுமதி நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று, வாங்கி எரிப்பதில் நாமும் முன்வரிசையில் இருக்கிறோம். இந்தப் பவளம் வெளுத்ததில் இரண்டு நாட்டுக்கும் பங்குண்டு என்று எழுத எனக்குத் தயக்கமில்லை.

தீவு தன்னளவில் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. 2008இல் சூரிய மின்நிலையம் வந்தது. அதற்குமுன் முழுக்க டீசல். குடிநீர் கடல்நீரிலிருந்து. பாட்டில் தண்ணீர் விற்பதில்லை, குழாயில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். சமையற்கட்டுக் கழிவு உரமாகி நாற்றங்காலுக்குப் போகிறது. அறையில் தொலைக்காட்சி இல்லை. ராத்தங்க 150 விருந்தினருக்குமேல் அனுமதியில்லை. சுற்றுலா விடுதி என்றாலே இயற்கைக்குக் கேடு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பெரும்பாலான கடற்கரை விடுதிகளைப் பார்த்தபின் இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை. இங்கே மட்டும் வேறு. குத்தகை எடுத்தவர் அறைகளைக் கூட்டுவதைவிட மரங்களைக் கூட்டுவதில் கவனம் வைத்தார். வரும் பணம் தீவுக்கே திரும்புவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. விலை அதிகம்தான், சாதாரணக் குடும்பங்களுக்கு எளிதில் எட்டாது. அந்தக் குறை எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பறவையும் ஆமைக்குஞ்சும் பார்க்க வேண்டுமானால் ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள். மாண்டாக்கள் கூட்டமாக வருவது மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில். ஜூனிலிருந்து அக்டோபர் வரை கூனல் முதுகுத் திமிங்கலங்கள் கரையிலிருந்தே தெரியும். பண்டபெர்க்கில் ஓர் இரவு தங்கினால், பருவத்தில் பக்கத்து மோன் ரிபோ கடற்கரையில் பெருந்தலை ஆமைகள் ஏறுவதையும் வனத்துறையினர் துணையோடு பார்க்கலாம். முகத்துக்குப் பூசும் வெயில் களிம்பைக் குறைத்து, முழுக்கைச் சட்டையோடு நீரில் இறங்குங்கள். கரையில் கிடக்கும் ஒரு பவளத்துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். ஆஸ்திரேலியா போக வாய்ப்பில்லாதவர்கள் ராமேசுவரம் போகும்போது மண்டபத்தில் ஒருநாள் இறங்கி, வனத்துறை அனுமதிக்கும் கண்ணாடிப் படகில் ஏறி நம் பவளத்தைப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.